லா சப்பலுக்கு வேப்பம்பூ தேடிப் போனது

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதுவேன், மளிகைச் சீட்டு எழுதுவேன். கட்டுரை எழுதியதில்லை. நம் நூலகத்து மகளிர் வட்டத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பாரிசுப் பயணத்தை எழுதித் தரும்படி ரேவதி டீச்சர் மூன்று முறை கேட்டுவிட்டார். நாலாவது முறையும் கேட்க வைப்பது மரியாதை இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வாக்கியம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. அதற்காகவே கிளம்பும்போது தினசரி காலண்டரில் அந்த நாட்களின் தாள்களைக் கிழித்துக் கையோடு எடுத்துப்போனேன். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் அன்றைய மணி, விலை, ஊர்ப்பெயர் என்று குறித்துவைத்தேன். அதில் இரண்டு தாள் ஸ்வெட்டர் பையில் இருந்தபடியே துணி துவைக்கும் மெஷினுக்குள் போய்விட்டது. அந்த இரண்டு நாளும் இதில் இல்லை.

மார்ச் 27. பகல் ஒரு மணிக்குத் திண்டிவனத்தில் வாடகைக் கார் ஏறினேன். மீனம்பாக்கம் விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வாடகை 2,800 ரூபாய், சுங்கம் தனி. மகன் செல்வம் உள்ளே விடும் வாசல் வரைக்கும் கூட வந்தான். அதற்கப்புறம் நான் தனியாகத்தான் போக வேண்டும். விழுப்புரத்துக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை.

கைப்பையில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில். அதில் வேப்பம்பூ. எங்கள் தெரு மரத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்து, உதிர்ந்த பூவைச் சேர்த்து, காம்பு ஆய்ந்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்தது. சோதனை செய்கிற அம்மாள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "ரசத்துக்காம்மா?" என்று கேட்டார். பச்சடிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன், விட்டுவிட்டார்.

அந்தப் பாட்டில் எதற்கு என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் மகள் சுமதி நாலு வருஷமாகப் பாரிசில் இருக்கிறாள். மாப்பிள்ளை ரவீந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதிலேயே அங்கே போய்விட்டவர், ஒரு உணவகத்தில் சமையல் வேலை. கல்யாணத்துக்கு எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. தாலி கட்டியதைப் போனில்தான் பார்த்தோம். சுமதிக்கு வயதானவர்களை வீடு வீடாகப் போய்க் கவனித்துக்கொள்ளும் வேலை ஒன்று தயாராக இருந்தது. ஆனால் கார் ஓட்டும் உரிமம் வேண்டும். அங்கே அதைப் பெர்மி என்கிறார்கள். மூன்று தடவை தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, மூன்று தடவையும் போய்விட்டது. ஒரு தடவை போனால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாலாவது தேர்வு ஏப்ரல் 15 என்று தேதி கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசி வரைக்கும்தான் அந்த வேலை அவளுக்காகக் காத்திருக்கும். பிப்ரவரியில் போன் செய்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நாலு வருஷமா வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி சாப்பிடலைம்மா. அதான் இப்படி. வரும்போது பூ எடுத்துக்கிட்டு வா."

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் மெலிந்துவிட்டது. பூ இல்லாமல் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 28. நடுவில் ஒரு அரபு நாட்டில் மூன்றரை மணி நேரம் உட்காரவைத்து, பகல் ஒன்றே முக்காலுக்குப் பாரிசில் இறக்கினார்கள். குளிர் ஒன்பது டிகிரி. வாசலில் சுமதி, மாப்பிள்ளை, அவர்களுக்கு முன்னால் சம்பந்தி அம்மா. பெயர் புஷ்பராணி. சாவகச்சேரிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது இளையவர், இரண்டு மடங்கு பேச்சு. நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என்ன சொல்லிக் கும்பிடுவது என்று விமானத்தில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவரோ கையில் வைத்திருந்த கம்பளிச் சால்வையை என் தலையோடு சேர்த்துச் சுற்றிவிட்டார். பிறகுதான், "வாங்கோ அக்கா, குளிர் தலைக்குள்ள போனால் ரெண்டு கிழமைக்கு எழும்ப மாட்டியள்" என்றார். கிழமை என்றால் அவர்களுக்கு வாரம்.

வீடு பாரிசுக்கு வடக்கே எபினே என்ற ஊரில், நாலாம் மாடி. மூன்று அறை. அன்று மாலை பெட்டியைத் திறந்து அதிரசம், மஞ்சள், குங்குமம், சம்பந்திக்கு எடுத்த காஞ்சிபுரம் சேலை எல்லாவற்றையும் சமையலறை மேடையில் வைத்தேன். பாட்டிலையும் அதோடு வைத்தேன். இன்னது இதற்கு என்று விளக்கவில்லை. கூச்சம்தான். பேசாமல் வைத்துவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிற பழக்கம் எனக்கு. நம் வீட்டில் வைத்தால் புரிந்துகொள்வார்கள்.

ஏப்ரல் 3. வீட்டில் சன்னலுக்கு அடியில் வெந்நீர் ஓடும் இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, அறையைச் சூடாக வைக்க. அதைச் சோபாஜ் என்கிறார்கள். அன்று பார்த்தால் மூன்று அறையிலும் அதன் மேல் தட்டு தட்டாக வைத்து மெல்லிய துணி போட்டு மூடியிருந்தது. வெங்காயமும் மிளகாயும் கலந்த வாசனை. ஏதோ அவர்கள் ஊர் வற்றல் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வெயில் இல்லாத ஊரில் வெந்நீர்க் குழாயில் வற்றல் போடுகிறார்களே என்று மட்டும் தாளில் குறித்துவைத்தேன்.

நடுவில் அவர்கள் காட்டிய கோபுரம், ஆறு, மாதா கோயில் பற்றியெல்லாம் படம் போட்ட புத்தகங்களில் நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் எழுதிப் புதிதாக ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 12, மாலை 5 மணி. வருஷப்பிறப்புக்கு இன்னும் ஒரு நாள்தான். பூவை எடுத்து ஒரு முறை புடைத்து வைக்கலாம் என்று பாட்டிலைத் தேடினேன். அது கழுவித் துடைத்துச் சுத்தமாக அலமாரியில் இருந்தது. உள்ளே மிளகு.

நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட சம்பந்தி, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பெரிய தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பொன்னிறமும் கறுப்புமாகத் தட்டைத் தட்டையான வடகம். வேப்பம்பூ வடகம். உளுந்து ஊறவைத்து அரைத்து, வெங்காயம், செத்தல் என்கிற காய்ந்த மிளகாய், பெருஞ்சீரகம் போட்டு, பூவைக் கலந்து தட்டி, ஆறு நாள் சோபாஜ் மேல் காயவைத்தது. "பாதி எங்களுக்கு, பாதி நீங்கள் ஊருக்குக் கொண்டு போக. சொல்லாமல் வச்சிருந்து தருவமெண்டு இருந்தனான்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் வேப்பம்பூ என்றால் வடகம்தான். வருஷப்பிறப்புக்குப் பொங்கல், பயத்தம் பணியாரம், அரியதரம் என்று எல்லாம் இனிப்பு. கசப்பைத் தேடிப் போய் முதல் வாயில் வைப்பது அவர்களுக்கு இல்லை. ஒரு பாட்டில் பூவைக் கண்டால் அவர் வேறு என்ன செய்வார்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

சுமதி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். முகம் விழுந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கும் முன் நான் சம்பந்தியிடம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, சொல்லாதே, அவர் மனசு நோகும், நாளைக்கு, தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் வாங்கிவிடலாம் என்றேன். "அங்கே எல்லாம் கிடைக்கும்மா" என்றாள். தேர்வைப் பற்றிக் கேட்டதற்கு, தனக்கு ஒன்றும் கவலை இல்லை என்றாள். இரவுச் சாப்பாட்டில் இரண்டு கவளம்தான் இறங்கிற்று அவளுக்கு.

ஏப்ரல் 13, காலை 10.10. சுமதிக்குக் கார் ஓட்டும் கடைசி வகுப்பு. மாப்பிள்ளைக்கு வேலை. வருஷச் சாமான் வாங்க நானும் சம்பந்தியும் மட்டும் ரயில் ஏறினோம். சீட்டு ஆளுக்கு இரண்டரை யூரோ. காகிதச் சீட்டு கிடையாது, அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும். கார் து நோர் என்ற பெரிய நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். வழியில் சென் தெனி வந்தது. அங்கே பெரிய சந்தை இருக்கிறது, ஆனால் வருஷத்துக்கு வேண்டியதை லா சப்பலில் வாங்கினால்தான் வாங்கியது போல இருக்கும் என்றார் சம்பந்தி. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் சேலையைக் காட்டி ஏதோ சொன்னார். நிறம் நல்லாயிருக்காம் என்று சம்பந்தி சொன்னார். நான் சால்வை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சன்னலைப் பார்த்தேன்.

நிலையத்தை விட்டு வெளியே வந்து இடது கைப் பக்கம் அரைக் கிலோமீட்டர் நடை. முதலில் எல்லாம் பிரெஞ்சுப் பலகைகள். ஒரு திருப்பத்துக்கு அப்புறம் தமிழ்ப் பலகைகள். நகைக்கடை, சேலைக்கடை, இடியப்பம் எழுதிய கரும்பலகை, சுவரில் நடன அரங்கேற்ற அறிவிப்பும் மரண அறிவித்தலும் பக்கத்தில் பக்கத்தில். நடைபாதையில் பெட்டி பெட்டியாக முருங்கைக்காய், கீரைக்கட்டு, வாழைப்பூ. தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடுகிறது. ஒரே கூட்டம். எல்லோரும் நாளைக்கு வருஷம் என்று பேசுகிறார்கள். கேட்டால் தமிழ்தான், ஆனால் எனக்கு நாலில் ஒரு வார்த்தை பின்தங்கித்தான் புரிந்தது.

விலை குறித்திருக்கிறேன். மாங்காய் கிலோ ஆறரை யூரோ. நம் ஊர்க் கணக்கில் யோசிக்கக் கூடாது என்று சுமதி எச்சரித்திருந்தாள், யோசித்துவிட்டேன். வாழையிலை ஒன்று ஒரு யூரோ. வெற்றிலை பத்து, இரண்டு யூரோ. மருத்துநீர் என்று ஒன்று சின்ன போத்தலில், இரண்டு யூரோ. பூ, வேர், பட்டை, மஞ்சள் எல்லாம் போட்டுக் காய்ச்சிய தண்ணீராம், வருஷம் பிறக்கும் நாளில் தலையில் வைத்து முழுக வேண்டுமாம். சம்பந்தி மூன்று போத்தல் வாங்கினார்.

11.15. சம்பந்திக்கு நான் கொண்டுவந்த காஞ்சிபுரம் சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி வேண்டியிருந்தது. துணிக்கடைக்குள் போனால் அவர் அரை மணிக்கு வெளியே வரமாட்டார் என்று தெரிந்துகொண்டு, வெளியே காற்று வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் மளிகைக் கடையில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். என் முறை வந்ததும் என்னவோ போலாகி, ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன். மகளுக்காக ஒரு வார்த்தை கேட்க முடியாத வாய் எதற்கு? இரண்டாவது கடையில் கேட்டேன். பையன் வேப்பிலைப் பொடி எடுத்துக் காட்டினான், முகத்துக்குப் பூசுவது. மூன்றாவதில், போன வாரமே முடிந்துவிட்டதாம். நாலாவது கடை குறுக்குத் தெருவில். கல்லாவில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மன்னார்க்காரி என்று பிறகு சொன்னாள். காலையில் ஒரு பாக்கெட் இருந்ததாம், ஒரு இந்திய அம்மா எடுத்துப் போய்விட்டாராம். நாளைக்கு வருஷப் பச்சடிக்கு வேண்டும், வேறு எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் கடைப் பின்பக்கம் போய் அட்டைப் பெட்டிகளை எல்லாம் தள்ளித் தேடிப் பார்த்தாள். இல்லை.

அப்போதுதான் கடை வாசலில் சம்பந்தி மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் ரவிக்கைத் துணி பாதி சுற்றியும் சுற்றாமலும்.

"எங்கையெண்டு போனீங்கள் அக்கா? பாஷை தெரியாத மனுசி, எங்கை தேடுறது எண்டு தெரு முழுக்க ஓடித் திரிஞ்சன்."

நான் பதில் சொல்வதற்குள் கல்லாப் பெண் சொல்லிவிட்டாள். "இவ வேப்பம்பூ தேடுறா அன்ரி. நாளைக்கு வருஷத்துக்குப் பச்சடி போட வேணுமாம்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். கையில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். "வருஷத்துக்கோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "அப்ப அந்தப் போத்தில்..." என்று சொல்லி, பக்கத்தில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பதினாறு நாளில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"ஏன் அக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"அவ்வளவு ஆசையா செஞ்சு வச்சிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

"நான் கேட்டிருக்கோணும்." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "இஞ்சை வந்து முப்பத்தொரு வருஷம். வாறவை எல்லாரும் எனக்குச் சீலை கொண்டு வருவினம், சொக்லேட் கொண்டு வருவினம். ஒருத்தரும் வேப்பம்பூ கொண்டு வந்ததில்லை. கண்ட உடனே எனக்கெண்டுதான் நினைச்சுப்போட்டன்."

பச்சடி அவ்வளவு அவசியமா என்று கேட்டார். சுமதியின் தேர்வையும் அவள் போனில் சொன்னதையும் சொன்னேன். அவ்வளவுதான், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். பெர்மிக்கு வேண்டிய பூவையா எண்ணெயில் பொரித்துத் தின்னப் பார்த்தேன் என்று தன் தலையிலேயே ஒரு குட்டு. போனை எடுத்தார். அந்தக் கடைக்குள் நின்றபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பொபினியில் ஒரு சிநேகிதி வீட்டில் தொட்டியில் வேப்பங்கன்று இருக்கிறதாம், மொத்தம் எட்டு இலை, இரண்டு தரலாமாம். சென் தெனியில் இன்னொரு சிநேகிதி கேட்டுவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். சம்பந்தி போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாகற்காய் இருக்காம் அக்கா. அதுவும் கசப்புத்தானே?"

கல்லாப் பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கூச்சம் கொஞ்சம் விட்டுப்போயிருக்க வேண்டும். கடையில் இருந்த ஆறேழு பேருக்கும் கேட்கிற குரலில் நானே பேசினேன்.

"சம்பந்தி, பூ எங்கேயும் போயிடலை. உங்க டப்பாவிலதான் இருக்கு. வடகத்தைப் பொரிச்சு, நொறுக்கி, பச்சடி மேல தூவிடலாம்."

"வெங்காயம் போட்ட வடகத்தையோ? வருஷப் பச்சடியிலையோ?"

"எங்க வீட்டுல போடமாட்டோம். உங்க வீட்டுல பச்சடியே கிடையாது. ரெண்டு வீட்டுக்கும் புதுசாவே இருக்கட்டும்."

நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்யலாமா என்று அவருக்கு இருந்தது தெரிந்தது. எனக்கும் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "பூ பூதானே" என்றாள் கல்லாப் பெண். "ஓம், பூ பூதான்" என்றார் சம்பந்தி. போனில் காத்திருந்த சிநேகிதியிடம், பாகற்காய் வேண்டாம், வருஷத்துக்கு வீட்டுக்கு வா என்று சொல்லி வைத்தார்.

12.30. ஒரு கடையில் நின்றபடியே தேநீரும் ரோல்ஸும். தேநீர் ஒன்றரை யூரோ, ரோல்ஸ் ஒன்றரை. ரோல்ஸ் என்பது உள்ளே கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்தது, ஆட்டிறைச்சி வைத்ததும் உண்டு. நான் கிழங்கு. மிளகாய்க் காரம் மூக்கு வரைக்கும் ஏறிற்று. நான் ஸ்வெட்டர் பையில் இருந்த காலண்டர் தாளை எடுத்து எழுதுவதைச் சம்பந்தி பார்த்துவிட்டு என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். விலை என்றேன். "நான் பூவைக் கெடுத்ததையும் எழுதுவியளோ?" என்றார். எழுதமாட்டேன் என்றேன். இல்லை, எழுதத்தான் வேண்டும், ஆனால் வடகம் நன்றாக வந்ததையும் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 14, காலை 7 மணி. குளிப்பதற்கு முன் சம்பந்தி என்னை முக்காலியில் உட்காரவைத்து மருத்துநீரைத் தலையில் வைத்தார். பச்சிலையும் மஞ்சளும் கலந்த குளிர்ச்சி. காதோரம் வழிந்தது. "அசையாதேங்கோ" என்று அதட்டினார். என் தலையை இன்னொருவர் பிடித்துவிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

பால் பொங்குவது கிழக்குப் பக்கம் வழிந்தால் வருஷம் நல்லது என்பது அவர்கள் கணக்கு. கண்ணாடி போல வழவழப்பான மின் அடுப்பில் அது எந்தப் பக்கம் வழியும் என்று யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை பானைக்கு அடியில் சாய்வாக ஒரு கரண்டிக் காம்பைக் கொடுத்து ஏமாற்றினார். பொங்கிற்று, கிழக்கே வழிந்தது, அடுப்பில் கருகிற்று, கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கிற்று. சம்பந்தி துடைப்பக் கட்டையோடு மணியை அடக்க ஏறின நாற்காலியை நான் பிடித்துக்கொண்டேன். அந்த அமர்க்களத்தில்தான் வருஷம் பிறந்தது.

இலையில் ஒரு பக்கம் சர்க்கரைப் பொங்கல், பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு. இன்னொரு பக்கம் என் பருப்பு வடை, டம்ளரில் நீர்மோர், மாங்காய்ப் பச்சடி. வெல்லம், மாங்காய், உப்பு, கடுகு தாளித்தது எல்லாம் முறைப்படிதான். கடைசியில் சம்பந்தியே நாலு வடகத்தைப் பொரித்து உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவினார். முதல் வாய் இனிப்பா கசப்பா என்று ஒரு பேச்சு எழுந்தது. அவர் பொங்கல் என்றார். நான் பச்சடிக் கிண்ணத்தைச் சுமதி பக்கம் ஒரு விரற்கடை தள்ளினேன். அவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒரு கையால் பொங்கலையும் பச்சடியையும் சேர்த்து ஒரே உருண்டையாக உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். கறுக்முறுக்கென்று சத்தம் கேட்டது. கண்ணை மூடினாள்.

"கசக்குதா?" என்றேன்.

"கசக்குதும்மா" என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டாள். போன மூன்று தடவைக்கும் ஒவ்வொரு கரண்டி, வரப்போவதற்கு ஒன்று என்று நாலு கரண்டி சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், வெறும் பூவை நெய்யில் வறுத்துப் போட்டால் வருகிற கசப்பு இதில் இல்லை, உளுந்து அதை அமுக்கிவிடுகிறது. ஆனால் அந்த மொறுமொறுப்பும் பெருஞ்சீரக வாசனையும் நம் பச்சடியில் இல்லாதது. மாப்பிள்ளை மூன்று முறை போட்டுக்கொண்டார். சமையல்காரர், சும்மா போட்டுக்கொள்ளமாட்டார்.

சாப்பிட்டபின் சம்பந்தி எல்லோருக்கும் வெற்றிலையில் நெல்லும் ஒரு காசும் வைத்துக் கைவிசேஷம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என்னைவிடச் சின்னவரிடம் வாங்கலாமா என்று தயங்கினேன். இஞ்சை நான்தான் மூத்தவள், முப்பத்தொரு வருஷ மூப்பு என்றார். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 15. தேர்வு 9.40-க்கு. வீட்டில் நானும் சம்பந்தியும். அவர் பிள்ளையாருக்கு விளக்கேற்றினார். நான் வெங்காயம் உரித்தேன், வேண்டியதற்கு மேலேயே உரித்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சுமதி வந்தாள். தேர்வு அதிகாரி முடிவை அப்போதே சொல்லமாட்டாராம், நல்ல நாளாக அமையட்டும் என்று மட்டும் சொல்லி இறங்கிப் போய்விட்டாராம். இரண்டு நாள் கழித்து இணையத்தில் வருமாம்.

ஏப்ரல் 17, காலை 11.05. வந்தது. முப்பத்தொன்றுக்கு இருபத்தேழு. சுமதி போனை மேசையில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. என்னவோ என்று பயந்து கையை விலக்கிப் பார்த்தால் சிரிக்கிறாள், அழுகிறாள், இரண்டும். இருபது எடுத்தாலே போதுமாம்.

அது வடகம் செய்த வேலை என்றார் சம்பந்தி. மாங்காயும் வெல்லமும் சும்மாவா இருந்தது என்று நான் கேட்டேன். இருபது நாளில் அவரோடு நான் போட்ட முதல் சண்டை அது. மாப்பிள்ளை நடுவில் புகுந்து, "மாமி, நாப்பது மணித்தியாலம் கார் ஓடிப் பழகினது சுமதிதான். அதையும் கொஞ்சம் கணக்கில எடுங்கோ" என்றார். எடுத்துக்கொண்டோம். கொஞ்சம்தான்.

ஏப்ரல் 19. திரும்பும் நாள். விமானம் பகல் மூன்றேகால். பெட்டியில் வடக டப்பா, பாதி. என் ஊறுகாய் பாட்டிலைச் சம்பந்தி தரவில்லை. அடுத்த முறை வரும்போது வேறு பாட்டிலில் கொண்டுவர வேண்டுமாம், இரண்டு பாட்டில், ஒன்றில் அவர் பெயர், இன்னொன்றில் பச்சடி என்று எழுதி ஒட்டி.

இதை எழுதும்போது எங்கள் தெருவில் இன்னும் கொஞ்சம் பூ உதிர்கிறது. காலையில் தெருப் பெருக்குகிற அம்மாள் அதைக் குப்பையோடு தள்ளிக்கொண்டு போகிறார். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது, கொஞ்சம் இரும்மா என்று சொல்லி வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். அவருக்கு என்னைப் பற்றி என்ன தோன்றுகிறதோ.

ரேவதி டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். இதைப் பத்திரிகையில் எழுதும் முன் யாராவது விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். மாங்காய் விலை சரி, தாளில் இருக்கிறது. ரயில் பன்னிரண்டு நிமிஷமா பதினொன்றா என்று சுமதியைக் கேட்டுக்கொள்ளவும். பயத்தம் பணியாரமும் அரியதரமும் எழுத்துச் சரிதானா என்று சம்பந்தி அம்மாவுக்கே போன் செய்து கேட்கலாம், அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கேட்கவும். எபினேயிலிருந்து விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. அன்று கார் ஓட்டியது சுமதி. பின்னால் புதிதாக ஓட்டுகிறவர் என்று காட்டும் வட்டச் சீட்டு ஒட்டி, அவள் முதல் முதலாகப் பெரிய சாலையில் ஏறினாள். முன்னால் மாப்பிள்ளை. பின்சீட்டில் நானும் சம்பந்தியும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு, விமான நிலையம் வரும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.